சின்னக் கோயிலின் சீதனம்

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் அந்த வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: சோபாவின் நடுவில், பெரிய கோயில் பங்குப் பேரவைத் தலைவரும் சவப்பெட்டிக் கடை முதலாளியுமான மாமனார். அவருக்கு வலப்பக்கம், அவர் எது சொன்னாலும் தலையாட்டுவதற்காக அவர் மகன். இடப்பக்கம், இரண்டு கோயிலுக்கும் ஒரே சாமியாராக வந்து மாட்டிக்கொண்ட இளம் பங்குத்தந்தை. எதிரே, சமையலறையிலிருந்து கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில், சின்னக் கோயில் பேரவைத் தலைவரான குழாய் ரிப்பேர்க்காரரும், சின்னக் கோயில் பாடகர் குழுத் தலைவியும். அந்த அம்மாளுக்குப் பெற்றோர் வைத்த பெயரை எல்லோரும் மறந்து வெகுகாலமாகிறது. வெண்கலத்தொண்டை என்றால்தான் தெரியும். உள்கதவோரம் நின்றபடி மாமியார். டீத் தட்டோடு மருமகள்.

குழாய் ரிப்பேர்க்காரர் வேறு யாருமில்லை, மருமகளின் அப்பா. ஐந்து வருஷத்துக்கு முன் இதே ஹாலில் இதே இடத்தில் உட்கார்ந்துதான் அவளைக் கட்டிக்கொடுத்தார். அன்றைக்கும் பிளாஸ்டிக் நாற்காலிதான். சோபா மாப்பிள்ளை வீட்டாருக்கு.

மருமகள் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளராக இருந்தாள். பகலெல்லாம் மற்றவர்களை வாயைத் திறக்கச் சொல்வது அவள் வேலை. வீட்டுக்கு வந்தால் தன் வாயை மூடிக்கொள்வது அதைவிடப் பெரிய வேலை.

பங்குத்தந்தை தொண்டையைச் செருமினார். "இனிமே ரெண்டு பங்கு கிடையாது. ஒரே பங்கு. நாமெல்லாம் ஒரே குடும்பம்."

குருக்களுக்குப் பஞ்சம் என்று ஆயர் இல்லம் இரண்டு கோயில் பங்குகளையும் இணைத்துவிட்டது. இணைப்பு தேவைதான் என்பதற்குப் பங்குத்தந்தையே சாட்சி. ஸ்கூட்டரில் இரண்டு கோயிலுக்கும் மாறி மாறி ஓடிய அவசரத்தில், ஒரு ஞாயிறு பெரிய கோயில் கல்யாண அறிவிப்பு ஓலையைச் சின்னக் கோயிலில் வாசித்துவிட்டார். மாப்பிள்ளை யாரென்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் இரண்டு பேர் எழுந்து ஆட்சேபணை சொன்னார்கள்.

"குடும்பம்னு சாமியே சொல்லிட்டாரு," என்று மாமனார் சோபாவில் முன்னால் நகர்ந்தார். "நாங்க வாயத் திறந்து எதுவும் கேக்க மாட்டோம் சம்பந்தி. ஆனா உங்க ஜனங்க நாளைக்கு எங்க கோயில்ல நாலு பேரு மத்தியில வந்து நிக்கணும். வெறுங்கையோட வந்தா அவங்களுக்குத்தானே கௌரவக் குறைச்சல்?"

மருமகள் ஒவ்வொருவருக்கும் டீயை நீட்டினாள். இந்த வசனத்தை அவள் முன்பே கேட்டிருக்கிறாள். அப்போது 'உங்க பொண்ணு' என்றார். இப்போது 'உங்க ஜனங்க' என்கிறார். மற்றபடி ஒரு எழுத்து மாறவில்லை.

"என்ன செய்யணும்னு சொல்லுங்க," என்றார் அப்பா. கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"பெஞ்சு எல்லாம் வந்துரட்டும். மணி. உங்க மணி எங்களதவிடச் சின்னதுதான், இருந்தாலும் குடுக்கிறதக் குடுங்க. ஆர்கன். பிரசங்க மேடை. பாவசங்கீர்த்தனக் கூண்டு."

"எங்க பாவத்தக் கேட்ட கூண்டு உங்களுக்கு எதுக்கு?" என்றாள் வெண்கலத்தொண்டை. அவள் மெதுவாகப் பேசினாலே அலமாரிக் கண்ணாடி அதிரும். "கதவு வேணாமா? அதையும் கழட்டிட்டு வந்துரட்டுமா?"

"கதவு என்ன மரம்?" என்று மாமனார் உண்மையாகவே கேட்டார். தொழில் புத்தி.

"எங்க சூசையப்பர் சிலை?" என்றார் அப்பா.

"அவரு வேணாம். எங்ககிட்ட ஏற்கெனவே ஒரு சூசையப்பர் இருக்காரு."

"பொருள் வேணும், ஆள் வேணாம்," என்றாள் வெண்கலத்தொண்டை. "சுத்தமாச் சொல்லிட்டீங்க."

பங்குத்தந்தை டீயை ஊதினார். ஆறிப்போன டீ.

"எங்க ஜனங்க எங்க உக்காருவாங்க?" என்றார் அப்பா.

"கொஞ்ச நாளைக்குப் பின்னாடி உக்காரட்டும். புதுசா வர்றவங்க. பழகட்டும்."

"கொஞ்ச நாள்னா?"

"இதோ, எங்க வீட்டு மருமக வந்து அஞ்சு வருஷமாகுது. இப்பத்தான் பழகிக்கிட்டு வர்றா." மாமனார் தானே சிரித்தார். மகன் தலையாட்டினான்.

"பெஞ்சு எங்களோடது. அது முன்னாடி இருக்கும், நாங்க பின்னாடியா?"

"பெஞ்சு முன்னாடிதான் இருக்கும். பெஞ்சோட மரியாதைக்கு நான் உத்தரவாதம்."

மருமகளுக்கு அந்த நேரத்தில் வேண்டியிருந்தது ஒன்றுதான். அப்பா முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து போக வேண்டும். அப்பா எழுந்தார். ஆனால் சரி என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

கேட் வரை கூடவே போனாள். "எதுக்குப்பா ஒத்துக்கிட்டீங்க?"

"ஒத்துக்கலேன்னா அவங்க என்னைய ஒண்ணும் சொல்ல மாட்டாங்கம்மா," என்றார் அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே. "உன்னையத்தான் சொல்வாங்க."

ஒரு கோயிலையே காலி செய்யும் பிணைப்பொருள் தான்தான் என்பது வீட்டுக்குள் திரும்பி நடக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. கல்யாணம் முடிந்தால் சீர் முடிந்தது என்று நினைத்திருந்தாள். பெண் உயிரோடு இருக்கும்வரை தவணை உண்டு.

அறையில் கணவன் கட்டிலில் படுத்திருந்தான். அவளோடு வந்த பீரோ, கண்ணாடி மேசை, கட்டில் மூன்றையும் வைத்தபிறகு அந்த அறையில் ஒருக்களித்துத்தான் நடக்க முடியும். ஒருக்களித்தே வந்து நின்றாள்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நான் என்னத்தச் சொல்ல? அப்பா மனசு சங்கடப்படும்."

"எங்கப்பாவுக்கு மனசு இல்லையா? அதையும் பெஞ்சோட லாரியில ஏத்தப்போறாங்களா?"

அவன் பெரிய கோயிலில் ஆர்கன் வாசிப்பவன். கேள்வி வந்தால் விரல்களைத் தொடையில் தட்டிக்கொண்டு மேற்கூரையைப் பார்ப்பான். பார்த்தான்.

அந்த வாரமே லாரி வந்தது. சின்னக் கோயில் ஜனங்கள் தாங்களே சுமந்து ஏற்றினார்கள். கூண்டை ஏற்றும்போது உள்ளேயிருந்து ஒரு பூனை குதித்து ஓடியது. அது என்ன பாவம் செய்ததோ என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லிச் சிரித்தார்கள். அழுவதைவிட அது மேல். அப்பா சிரிக்கவில்லை. மணியை ஒரு பழைய போர்வையில் சுற்றிக் கொடுத்தார், நாக்கு அடித்துக்கொள்ளாமல்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பெரிய கோயில் என்பது பெயர்தான். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அகலத்தில் ஒரு ரயில் பெட்டி. சின்னக் கோயில் ஒரு காலத்தில் சரக்குக் கிடங்காக இருந்தது. குட்டை, ஆனால் பரந்த இடம். அந்த விரிந்த இடத்துக்கென்று செய்த நீளப் பெஞ்சுகள் இந்த ரயில் பெட்டிக்குள் எப்படி அடங்கும் என்று அளந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. சவத்துக்கு அங்குலம் பிசகாமல் பெட்டி அடிக்கிற மாமனாருக்கே தோன்றவில்லை. சீர் வாங்குகிறவன் அளவு பார்ப்பதில்லை.

சனிக்கிழமை முழுக்க அடுக்கினார்கள். நடைபாதையில் பெஞ்சு. ஞானஸ்நானத் தொட்டியைச் சுற்றிப் பெஞ்சு. இரண்டு ஆர்கனும் முதுகோடு முதுகு. இரண்டு பாவசங்கீர்த்தனக் கூண்டும் சண்டைக்கு நிற்கும் சகலைகள்போல நேருக்கு நேர்.

"நாலு பெஞ்ச வெளிய போட்டுரலாமே," என்றான் மகன், அடிபட்ட கட்டைவிரலைச் சப்பிக்கொண்டு.

"போட்டா ஊரு என்ன பேசும்? பெரிய கோயில்காரன் சம்பந்தி குடுத்த சீரை வெயில்ல போட்டுட்டான்னு பேசும். இழு, இழு. அந்த மூலையில சொருகு."

கடைசிப் பெஞ்சையும் சொருகினார்கள். அது வாசல் கதவின் பின்னால் போய் உட்கார்ந்தது. அது உள்பக்கமாகத் திறக்கிற கதவு.

இணைப்பின் முதல் ஞாயிறு. புது உடுப்பும் பவுடருமாக இரண்டு கோயில் ஜனங்களும் வாசலில் நின்றார்கள். கதவு ஒரு சாண் திறந்தது. அந்தச் சாணில் மாமனாரின் பாதி முகம் தெரிந்தது.

"இடமெல்லாம் பத்தும்! ஒருக்களிச்சு வாங்க!"

முதலில் ஒருக்களித்தது வெண்கலத்தொண்டை. பாதி போனாள். மீதி போகவில்லை. பின்னாலிருந்து இரண்டு பேர் தள்ளினார்கள், உள்ளேயிருந்து மாமனார் எதிர்த்திசையில் தள்ளினார். அவள் போட்ட கூச்சலில் கோபுரத்துப் புறாக்கள் மொத்தமும் கிளம்பின. உருவி எடுத்தபோது பெரிய கோயில், சின்னக் கோயில் என்று பார்க்காமல் எல்லோரும் சிரித்தார்கள். பங்கு இணைந்தது என்றால் அந்த ஒரு நிமிஷம்தான் இணைந்தது.

பூசை உடுப்பு அறையின், ஓராள் பிதுங்கித்தான் வரக்கூடிய பக்கக் கதவு வழியாகப் பங்குத்தந்தை வெளியே வந்தார். அங்கியில் சிலந்திவலை. "ஐயா, ஒரே ஒரு பெஞ்ச வெளிய எடுத்தா வாசல் திறந்துரும்."

மாமனார் அவர் பின்னாலேயே பிதுங்கி வந்தார். "எதை எடுக்கச் சொல்றீங்க ஃபாதர்? எங்க தாத்தா பேரு பொறிச்ச பெஞ்சையா?"

"சரி, சின்னக் கோயில் பெஞ்சு?"

"வந்த சீரை வந்த வாரமே வெளிய வைக்கிறதா? வாங்கினவன் மரியாதை என்ன ஆகிறது?"

"அப்போ ஜனங்க?"

"ஜனங்க வாசல்ல நின்னு கேக்கட்டும். மைக்கு போட்டுரலாம்."

வாசலில் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நடக்க முடியாத ஒரு பெரியவர் படியில் உட்கார்ந்துவிட்டார். அப்பா கூட்டத்தின் கடைசியில், கைகளைக் கட்டியபடியே நின்றார். மாமனார் அவரைப் பார்த்து, "சம்பந்தி, உங்க ஆளுங்களக் கொஞ்சம் அப்படித் தள்ளி நிக்கச் சொல்லுங்க. எங்காளுங்களுக்கு நிழல் வேணும்ல," என்றார்.

அப்பா தள்ளி நிற்க ஒரு அடி எடுத்துவைத்தார்.

"அப்பா, நில்லுங்க."

மருமகளின் அந்தக் குரல் அவளுக்குப் புதிதில்லை. பல் ஆஸ்பத்திரியில், குறடைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து ஓடப்பார்க்கும் ஆட்களிடம் பேசுகிற குரல். வீட்டில்தான் யாரும் அதைக் கேட்டதில்லை.

"மாமா, நீங்க சாமானைப் பாத்துக்குங்க. ஜனங்கள நாங்க பாத்துக்கிறோம். சின்னக் கோயில் காலியாத்தான் கிடக்கு. ஃபாதர், அங்க வந்து பூசை வைங்க."

"காலிக் கோயில்ல எதுல உக்காருவாங்களாம்?" என்றார் மாமனார்.

"தரையில."

"தரையில உக்காந்தா முன்னாடி யாரு, பின்னாடி யாரு?"

"முன்னாடி வந்தவங்க முன்னாடி."

மாமனார் மகனைத் தேடினார், தலையாட்டுவதற்கு. மகன் பக்கக் கதவு வழியே வந்து, விரல்களைத் தொடையில் தட்டிக்கொண்டு, மேலே பார்த்தான். மேற்கூரை இல்லை, வெறும் வானம். அதில் எந்தப் பதிலும் எழுதியிருக்கவில்லை. மெல்ல நகர்ந்து போய் மனைவி பக்கத்தில் நின்றான்.

"டேய், ரெண்டு ஆர்கன் இருக்குடா உள்ள!"

"ரெண்டுக்கும் நடுவுல எனக்கு இடம் இல்லப்பா."

அவன் வாழ்நாளில் அப்பாவிடம் சொன்ன மிக நீளமான வாக்கியம் அது.

படியில் உட்கார்ந்திருந்த பெரியவரை இரண்டு பையன்கள் கைத்தாங்கலாகத் தூக்கினார்கள். வெண்கலத்தொண்டை ஒரு பாட்டை எடுத்தாள். பெரிய கோயில்காரர்கள் இழுத்து இழுத்துப் பாடுகிறவர்கள், சின்னக் கோயில்காரர்கள் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் பாடுகிறவர்கள். அதனால் ஊர்வலத்தின் முன்பாதி மூன்றாம் சரணத்தில் போக, பின்பாதி முதல் சரணத்தில் வந்தது. பங்குத்தந்தை நடுவில், இரண்டுக்கும் வாயசைத்துக்கொண்டு போனார். அப்பா முன்னால் நடந்தார். கையை எப்போது பிரித்தாரோ, வீசி நடந்தார்.

மாமியார் ஊர்வலத்தோடு போகவில்லை. இடுப்பில் கோயில் சாவி. தலைவர் வீட்டில்தான் சாவி இருக்க வேண்டும் என்பது வழக்கம். தலைவர் மறந்துவிடுவார் என்பதால் அது மாமியாரிடம் இருந்தது.

"நீங்களும் வாங்க மாமா," என்றாள் மருமகள். மனதாரத்தான் கூப்பிட்டாள்.

"இத்தனை சாமானையும் போட்டுட்டா? எவனாவது தூக்கிட்டுப் போனா?"

"பூட்டிட்டு வாங்க."

"பூட்டை நம்பி விட்டுட்டு வர்ற பொருளா இது? நான் உள்ள காவல் இருக்கேன். தாழ்ப்பாள் பக்கம் கூண்டு நிக்குது, உள்ள போட முடியாது. நீ வெளிய பூட்டிட்டுப் போ. ரெண்டு சுத்து சுத்து."

வயிற்றை எக்கிக்கொண்டு, ஒருக்களித்து, அவர் பக்கக் கதவு வழியாகப் பெஞ்சுகளுக்குள் புகுந்து மறைந்தார். எங்கோ முழங்கால் இடித்துக்கொண்ட சத்தம் கேட்டது. "நல்ல மரம்," என்று உள்ளே யாரிடமோ சொன்னார்.

மாமியார் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

"நான் வரும்போது ஒரு தையல் மெஷினும் ஒரு பசுவும் கொண்டாந்தேன்," என்றாள். "பசு செத்ததுக்கு அழுதாரு." சாவியை மருமகளின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "பூட்டு."

மருமகள் பக்கக் கதவைச் சாத்தி, சொன்னபடியே இரண்டு சுற்றுப் பூட்டினாள்.