மூன்றாம் நிமிடத்துப் பெருமூச்சு

1.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அம்மா அனுப்பிய ஒரு குரல் செய்தியிலிருந்து வந்தது. அதன் நீளம் ஒன்பது விநாடி.

அம்மாவின் குரல் செய்தி வழக்கமாகப் பதினான்கு நிமிடத்துக்குக் குறையாது. சமையலறைக் குழாய் ஒழுகுவதில் ஆரம்பிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் நம் வாசலை மறித்து வண்டி நிறுத்துவதற்குப் போகும். நடுவில் அப்பாவிடம் மூக்குக் கண்ணாடியை எங்கே வைத்தீர்கள் என்று ஒரு விசாரணை நடக்கும். எட்டாம் நிமிடத்தில் போனை எங்கோ வைத்துவிட்டு மறந்துவிடுவாள். அப்புறம் கொஞ்ச நேரம் மிக்ஸி மட்டும் ஓடும். அப்படிப்பட்டவளிடமிருந்து ஒன்பது விநாடி வந்தால் யாருக்கு என்ன ஆச்சோ என்று பதறத்தானே செய்யும்.

"அந்தப் பாட்டுல மூணாவது நிமிஷத்துல பெருமூச்சு விடறது நீதானேடா? எதுக்கு அப்படி விட்டே? உள்ளதைச் சொல்லு."

அவ்வளவுதான். பதினைந்து நாளாக வேறு செய்தி இல்லை. குழாய் என்ன ஆயிற்று என்றுகூடத் தெரியவில்லை.

உள்ளதைச் சொல்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வேலையில் சேரும்போது ஒன்பது பக்கத் தாள் ஒன்றில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அங்கே பார்த்தது, கேட்டது எதையும் வெளியே மூச்சுவிடக் கூடாது. சொன்னால் வேலை போகும். வேலை போனால் இந்த வெளிநாட்டில் தங்கும் அனுமதியும் போகும்.

"கதைன்னு போட்டு எழுதிடு," என்றான் அறைத்தோழன். "கதைமேல எவன் கேஸ் போடுவான்?"

அவன் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவன். சட்டம் படித்தவன் இல்லை. இருந்தாலும் என் கைவசம் உள்ள ஒரே வக்கீல் அவன்தான்.

ஆகவே இது கதை. இதில் ஓர் இளைஞன் வருவான். அவன் நான் இல்லை.*

(* சித்தப்பாவுக்கு: குடும்பக் குழுவுக்கு வெளியே இதை யாருக்கும் அனுப்ப வேண்டாம். நீங்கள் "யாருக்கும் அனுப்பாதீர்கள்" என்று எழுதித்தான் எல்லாருக்கும் அனுப்புவீர்கள். அதுவும் வேண்டாம்.)

2.

தொடக்கம் ஒன்று: உலகமே கொண்டாடும் அந்தப் பாடகி ஒரு மழைநாளில் ஜன்னலோரம்—

(நிறுத்திவிட்டேன். அன்று மழை இல்லை. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஜன்னலும் இல்லை. கொஞ்சம் சோகம் கிடைக்குமே என்று மழையைக் கூப்பிட்டுப் பார்த்தேன்.)

தொடக்கம் இரண்டு: தனிமை என்பது மனிதனுக்குள்ளே இருக்கும் ஒரு பெரும் என்னடா ஸ்கூல் பேச்சுப் போட்டியா இது

(கடைசி ஐந்து வார்த்தை அறைத்தோழனுடையது. நான் போனைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அது எழுதிக்கொள்கிறது. பக்கத்தில் அவன் வெங்காயம் நறுக்குகிறான். போனுக்கு நானும் அவனும் ஒன்று. அதன் முன்னால் வாயைத் திறந்தாலே எனக்கு மேடைத் தமிழ் வந்துவிடுவதும் உண்மைதான். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

தொடக்கம் மூன்று: ஷூ கடித்தது.

இது இருக்கட்டும்.

3.

ஷூ கடித்தது. ஏனென்றால் அது அவனுடைய ஷூ இல்லை. அவனுடையது அன்று காலை வாயைப் பிளந்துவிட்டது. கூடத்துக்குள் கறுப்பு ஷூ போட்டுத்தான் வர வேண்டும் என்று விதி. அறைத்தோழனுடையதை மாட்டிக்கொண்டு ஓடினான். அது ஒரு சைஸ் சின்னது.

வீட்டில் என்ன வேலை என்று கேட்டால் "சவுண்டு டிபார்ட்மென்ட்" என்று சொல்லி வைத்திருந்தான். உண்மையில் அவன் வேலை உட்கார்ந்திருப்பது. பாடகி வருவதற்கு முன், அவள் உட்காரும் ஸ்டூலில், அவள் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். இருவரும் ஒரே உயரம். அவன் வாய் இருக்கும் இடத்துக்கு நேரே ஒரு மைக், கிட்டாருக்கு ஒன்று, கால் பக்கம் ஒன்று என்று சவுண்டு இன்ஜினியர் நிறுத்தி வைப்பார். அவள் வந்ததும் இவன் எழுந்து மூலைக்குப் போய் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஸ்டூல் சூடாக இருந்தால் அவளுக்குப் பிடிக்காது. அதனால் கடைசி இரண்டு நிமிடம் நின்றுகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை, ஆனால் அவன் செய்தான்.*

(* மறுபடியும் சித்தப்பாவுக்கு: இரண்டு பட்டம் வாங்கியது ஸ்டூலில் உட்காரவா என்று கேட்பீர்கள். நீங்கள் முப்பது வருஷம் ஆபீசில் என்ன செய்தீர்கள் என்று அந்த இளைஞன் திருப்பிக் கேட்க மாட்டான். மரியாதை தெரிந்தவன்.)

இன்ஜினியருக்கு நம் மொழி தெரியாது. ஆனால் என் கதையில் பேசுவார். அவருக்கு இது தெரிய வேண்டாம்.

"அசையாம இரு தம்பி. உன்னை ஒரு நாற்காலின்னு நெனச்சுக்கோ."

"நான் ஸ்டூல்ல இருக்கேன் சார்."

"அப்ப ஸ்டூல்னு நெனச்சுக்கோ."

சொல்லிவிட்டு யாரோ கூப்பிட்டார்கள் என்று வெளியே போனார். பதிவு ஓடிக்கொண்டிருந்ததை அவரும் மறந்தார், இவனும் கவனிக்கவில்லை. நாலு பக்கமும் பஞ்சு அடைத்த சுவர். வெளியே ஊரே இடிந்து விழுந்தாலும் உள்ளே கேட்காது. அப்போதுதான் இவன் அந்தப் பெருமூச்சை விட்டான். பிறகு ஷூ இரண்டையும் ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டான். மரத்தரையில் தொப், தொப் என்று விழுந்தன.

4.

பாடகி ஆட்டம் பாட்டம், விளக்கு, கூட்டம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, தன் மனசுக்குள் பார்த்து ஓர் ஆல்பம் செய்ய வந்திருந்தாள். பாதி எந்திர இசை, பாதி ஒற்றைக் கிட்டார். ஆல்பத்தின் பெயர் 'உள்ளே நான் மட்டும்'. நாலு மாதமாக உள்ளே பார்த்தாள். பத்துப் பாட்டு கிடைத்தது. பதினொன்றாவதற்கு எதுவும் தட்டுப்படவில்லை. வருவாள், உட்காருவாள், கிட்டாரைக் கொஞ்சம் மீட்டுவாள், "உள்ள ஒண்ணுமே இல்ல" என்பாள், போய்விடுவாள். இந்த வாரமும் பாட்டு வராவிட்டால் ஆல்பத்தையே விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தாள்.

அன்று இன்ஜினியர் அவள் முந்தின நாள் வாசித்ததைப் போட்டுக் காட்டப் போய், கை தவறி, சற்றுமுன் ஓடிய பதிவைப் போட்டுவிட்டார்.

முதலில் வெறும் அறை. அப்புறம் பெருமூச்சு. தொப். தொப்.

பாடகி அசையவில்லை. "இது எப்ப எடுத்தது?"

இன்ஜினியர் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்: "நேத்து."

"நானா இப்படி மூச்சு விடறேன்? எனக்கே தெரியாம?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூலையில் காலுறையோடு நின்றிருந்த இளைஞனை இன்ஜினியர் பார்த்தார். உதட்டின்மேல் விரலை வைத்தார். ஒரு மணி நேரத்தில் பதினொன்றாவது பாட்டு எழுதி முடிந்தது. அதன் மூன்றாம் நிமிடத்தில் வார்த்தையும் இல்லை, வாத்தியமும் இல்லை, அந்தப் பெருமூச்சு மட்டும். அந்த இரண்டு தொப்பும் தன் நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். அதை எந்திரத்தில் போட்டுத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பன்னிரண்டாவது பாட்டையும் செய்தாள். இப்போது கடை, பஸ், கல்யாண மண்டபம் என்று எல்லா இடத்திலும் ஆடுகிறார்களே, அந்தப் பாட்டு.

என் ஷூடா அது

(மறுபடியும் அவன்தான். அழிக்கவில்லை. அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.)

5.

பாடகியைக் கெட்டவளாக எழுதினால் கதை சுலபமாக முடியும். இரண்டு தடவை முயன்றேன்.

அவள் யாரையும் திரும்பிப் பார்க்காமல் உள்ளே—

(பொய். பார்ப்பாள். "சாப்டியா?" என்று கேட்பாள். பதில் வரும்வரை நிற்பாள்.)

அவள் திருடி—

(எதைத் திருடினாள்? தன்னுடையது என்று நிஜமாகவே நம்புகிறாள்.)

ஒருத்திக்குத் தன் பெருமூச்சே அடையாளம் தெரியாமல் போகுமா என்றுதான் எனக்குச் சந்தேகம். உங்களுக்கும் வந்திருக்கும். பிறகு யோசித்தேன். என் பெருமூச்சை நான் எப்போது கேட்டிருக்கிறேன்? விடுகிறவன் காதில் அது விழுவதே இல்லை. பக்கத்து அறையில் இருக்கிறவர்களுக்குத்தான் கேட்கும். அவளுக்குப் பக்கத்து அறையில் யாரும் இல்லை போலிருக்கிறது. இதை எழுதியபின் அவளைக் கெட்டவளாக்க முடியவில்லை. கதைக்கு வில்லன் இல்லாமல் போய்விட்டது. ஷூவை வைத்துச் சமாளிக்கிறேன்.

6.

ஆல்பம் வந்தது. "ஒரு பெண்ணின் ஆறு வருடத் துயரம் ஒரே பெருமூச்சில்" என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஒரே பெருமூச்சு நம் வீட்டுக் கூடத்துக்கும் வந்து சேர்ந்தது. அப்போது நான் அங்கே இல்லை; தங்கை சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

தங்கை ஸ்பீக்கரில் பாட்டைப் போட்டாள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"இதான் பெஸ்ட் இடம். யாரும் பேசாதீங்க."

பெருமூச்சு வந்தது. அம்மா அப்பாவின் சட்டையைப் பாதி மடிப்போடு கீழே வைத்தாள்.

"இது உங்க அண்ணன்."

"அம்மா, இது உலகமே கேக்கற ஆல்பம்."

"உலகம் கேக்கட்டும். இது அவன்தான். உங்க அப்பா மாதிரியே மூக்குல ஆரம்பிச்சு வாயில முடிக்கிறான் பாரு."

"நான் எப்ப பெருமூச்சு விட்டேன்?" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து அப்பா கேட்டார். கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டார்.

தங்கை பாட்டைப் பின்னால் தள்ளி மறுபடி போட்டாள். அம்மா அதே சட்டையை நாலு தடவை மடித்தாளாம்.

7.

முடிவு அ: ஷூ கடித்தது, அதனால் பெருமூச்சு. வேறொன்றுமில்லை. குதிகாலில் கொப்புளம் இருந்ததற்கு அறைத்தோழன் சாட்சி. அம்மா சிரித்துவிட்டு நம்புகிறாள்.

(நம்ப மாட்டாள். வலிக்கு விடுவதும் மனசுக்கு விடுவதும் அவளுக்கு வேறுவேறாகக் கேட்கும்.)

முடிவு ஆ: அன்று காலை பஸ்ஸில் அவன் அம்மாவின் பதினான்கு நிமிடச் செய்தியைக் கேட்டுக்கொண்டு வந்தான். எட்டாம் நிமிடம். அம்மா போனை மறந்துவிட்டாள். மிக்ஸி ஓடியது, நின்றது. தங்கை எதற்கோ சிரித்தாள். அப்பா இருமினார். யாரும் அவனிடம் பேசவில்லை. அவன் அங்கே இல்லாதபோது வீடு எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அதற்குள் இறங்கும் இடம் வந்துவிட்டது. மீதி ஆறு நிமிடத்தைப் பையில் போட்டுக்கொண்டு, பஞ்சு அடைத்த அந்த அறைக்குள் போய் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

(மீதியை மாலையில் கேட்டான். குழாய்க்காரர் இன்னும் வரவில்லை என்பதுதான் இருந்தது.)

முடிவு இ: தங்கை யோசனை. இளைஞன் பாடகியிடம் போய் உண்மையைச் சொல்கிறான், அவள் ஆல்பத்தின் அட்டையில் அவன் பெயரைப் போடுகிறாள்.

(தங்கையே, கையெழுத்துப் போட்ட அந்தத் தாளில் ஏழாம் பக்கம் என்று ஒன்று இருக்கிறது. தவிர, இன்ஜினியர் நல்ல மனுஷன். பாடகி இப்போதுதான் உள்ளே ஏதோ இருக்கிறது என்று நம்ப ஆரம்பித்திருக்கிறாள்.)

அ நிஜம். ஆவும் நிஜம். எது முந்தியது என்று கண்டுபிடிக்க மூன்றாம் நிமிடத்தை நானே நாற்பது தடவை கேட்டேன். தெரியவில்லை.

"ரெண்டுமேன்னு எழுதேன்," என்றான் அறைத்தோழன்.

"அது முடிவு இல்லடா."

"வெங்காயம் வதங்கிடுச்சு, வந்து சாப்பிடு. இது முடிவா?"

8.

ஒன்று விட்டுப்போயிற்று. ஆல்பத்தில் இரண்டாவது தொப்போடு வெட்டிவிட்டார்கள். அசல் பதிவில் அதற்குப் பிறகு பதினோரு விநாடி இருந்தது. இன்ஜினியர் பயந்துபோய் அழித்துவிட்டார். அந்தப் பதினோரு விநாடியில் நான் என்ன—

(அவன். அந்த இளைஞன்.)

—அவன் என்ன செய்தான் என்று அவனுக்கு ஞாபகம் இல்லை. அழுதானா, காலைத் தேய்த்துக்கொண்டானா, சும்மா இருந்தானா. அம்மா, நீ கேட்டதற்குப் பதில் அதற்குள்தான் இருந்திருக்கும். பெருமூச்சை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. அதை விட்டபின் மனுஷன் என்ன செய்கிறான் என்பதைப் பார்க்க வேண்டும்.

அப்பா அப்படி ஒரு பெருமூச்சு விட்டபின் அடுத்து என்ன செய்வார் என்று நீ முப்பது வருஷமாகப் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாய். இவனும் அதையேதான் செய்திருப்பான். அது என்னவென்று எழுதுகிறவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

கதையின் கடைசி வரியை நீயே சொல்லி அனுப்பு. ஒன்பது விநாடியில் வேண்டாம். குழாயிலிருந்து ஆரம்பி.