நெஞ்சில் ஏறிய நட்சத்திரம்

முனுசாமிக்கு 'டத்தோ' பட்டம் கொடுத்தது யார் என்று கேட்டால், "அதெல்லாம் மேலிடம், தம்பி" என்பார். பட்டத்தோடு வந்த நட்சத்திரப் பதக்கம் மட்டும் நல்ல கனம். அந்தக் கனத்தைத் தாங்காமல் அதன் ஊசி வளைந்துவிட்டது. மாக் மண்டின் தொழிற்பேட்டையில் சொந்தப் பட்டறை வைத்திருப்பவர் இதைப் பொறுப்பாரா? விரல் நீளத்துக்கு எஃகுக் கம்பி வெட்டி, முனையைத் தீட்டி, பதக்கத்தின் முதுகில் வெல்டிங் வைத்தார். முனையைப் பூட்ட ஒரு கொக்கி வேண்டும் என்பதுதான் நினைவுக்கு வரவில்லை.

அன்று மாலை ஜார்ஜ்டவுனில் அவருக்குப் பாராட்டு விருந்து. மனைவி நவமணி கார் ஓட்ட, அவர் பெரிய மனிதராகப் பின்சீட்டில், பதக்கத்தின் மேலேயே சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜாலான் பர்மா சாலையில் ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே புகுந்தது. நவமணி பிரேக்கை மிதித்தாள். பெல்ட் இறுகியது. ஊசி உள்ளே போனது.

மருத்துவமனைக்குள் நுழையும்போது பதக்கம் நவமணியின் கைப்பையில் ஒளிந்திருந்தது. மூச்சு வாங்கியபடியே முனுசாமி கதையைத் தயாரித்திருந்தார்: வழிப்பறித் திருடன், கத்தி, டத்தோவின் வீரப் போராட்டம். பட்டம் குத்தியது என்று ஊருக்குத் தெரிந்தால் அப்புறம் தலைகாட்ட முடியுமா?

டாக்டர் ஷஹீதா இடது மார்பில் குண்டூசித் தலை அளவுக்கு ஒரு துளையைப் பார்த்தார். ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் இல்லை. எக்ஸ்ரேயில் நெஞ்சுக்கூட்டுக்குள் காற்று புகுந்து, நுரையீரல் சுருங்கி ஓரமாக ஒதுங்கியிருந்தது. கத்தி எவ்வளவு நீளம் என்று கேட்டார். வீரத்துக்குக் குறை வைக்க மனமில்லாத முனுசாமி, கைகளைத் தாராளமாக விரித்துக் காட்டினார்.

அவ்வளவு நீளம் என்றால் இதயத்தையும் தொட்டிருக்கலாம் என்றார் டாக்டர். அறுவை நிபுணரைக் கூப்பிடச் சொன்னார். ரத்தம் தயார் செய்யச் சொன்னார். போலீசுக்கும் சொல்லியாக வேண்டுமாம். தேவைப்பட்டால் நெஞ்சைத் திறந்து பார்ப்போம் என்று, மீன் விலை சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னார்.

முனுசாமி மனைவியைப் பார்த்தார்.

"தொறக்கட்டுங்க," என்றாள் நவமணி. "திருடனையே வெரட்டின ஆளு, இதுக்குப் போயி பயப்படலாமா?"

ஒரு பக்கம் மானம், ஒரு பக்கம் நெஞ்செலும்பு. முனுசாமி ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

"கத்தி இல்ல லா," என்றார் மெல்ல. பிறகு மனைவியிடம், "அத எடுத்துக் காட்டு."

பதக்கம் வெளியே வந்தது. டாக்டர் ஊசியைத் தன் விரலோடு ஒட்டி வைத்து நீளம் பார்த்தார். சிரிக்கவில்லை, அது முனுசாமிக்கு இன்னும் வலித்தது. ஸ்கேனில் இதயத்துக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் நிபுணரை வர வேண்டாம் என்றார். விலா எலும்புகளுக்கு நடுவே மரத்துப்போக ஊசி போட்டு, குழாயைச் செருகி, தண்ணீர்ப் புட்டியோடு இணைத்தார். காற்று குமிழ் குமிழாக வெளியேற, நுரையீரல் விரிந்தது.

மறுநாள் காலை மருத்துவமனைப் பதிவுப் பிரிவிலிருந்து ரூபினி என்ற பெண் மடிக்கணினியோடு வந்தாள். காயத்துக்கும் சிகிச்சைக்கும் காரணத்துக்கும் குறியீட்டு எண் போடுவது அவள் வேலை. டாக்டர் குறிப்பில் கத்தி, ஊசி என்று இரண்டு கதை இருந்ததால் நேரிலேயே கேட்க வந்திருந்தாள். மார்புத் துளைக்காயம், குழாய் சிகிச்சை, எல்லாம் ஏறிவிட்டன. 'தாக்குதல்' போய் 'விபத்து' வந்ததை முனுசாமி பெருமூச்சோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"குத்தினப்ப என்ன செஞ்சிட்டிருந்தீங்க அங்கிள்? விளையாட்டு, சம்பள வேலை, வீட்டு வேலை, ஓய்வு. இதுல ஒண்ணு சொல்லுங்க."

டத்தோவாகப் படுத்தவர் ஒரே இரவில் அங்கிளாகியிருந்தார். "பொதுச்சேவைன்னு இல்லியாம்மா?"

"இல்ல அங்கிள்."

"அப்ப வேலைன்னு போடு. டத்தோவா இருக்கறது லேசுபட்ட வேலையா?"

ரூபினி நவமணியைப் பார்த்தாள். "சம்பளம் வருதா ஆன்ட்டி?"

"எங்கம்மா வருது," என்றாள் நவமணி. "பட்டத்துக்கு இவருல்ல பணம் கட்டினாரு."

ரூபினி 'ஓய்வு' என்பதைத் தட்டினாள்.