கண்ணாடிக்கு மேல் ஒரு கண்ணாடி

என் கணவன் திபோரைப் பொறுத்தவரை மலை என்பது தூரத்தில் நின்றால்தான் அழகு. அவன் பிறந்தது ஹங்கேரி எல்லையோரம். ஏரி, நாணல், திராட்சைத் தோட்டம், கண்ணுக்கெட்டிய வரை தட்டைத் தரை. என்னைக் கட்டிக்கொண்டு எங்கள் டிரோல் மலைப் பள்ளத்தாக்குக்கு வந்து, ஊர் மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். இருமல் மருந்து வாங்க வருகிறவர்கள்கூட, "என்ன தம்பி, இன்னும் பனியில சறுக்கக் கத்துக்கலையா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள்.

என் அம்மா கேட்கமாட்டாள். அவளுக்கு அது அவமானம். கிரெஸென்ஸ் என்றால் இந்தப் பக்கத்தில் தெரியாத ஆள் கிடையாது. இளவயதில் வாங்கிய பனிச்சறுக்குக் கோப்பைகள் வரவேற்பறை அலமாரியில் இடம் போதாமல் குளியலறை வரைக்கும் போயிருந்தன. அப்பேர்ப்பட்டவளுக்குச் சறுக்கத் தெரியாத மாப்பிள்ளை! "அவருக்கு முட்டி சரியில்ல" என்று வெளியாட்களிடம் சொல்லிச் சமாளித்து வந்தாள். திபோரின் முட்டிக்கு ஒரு குறையும் இல்லை.

அந்தக் குளிர்காலம் நான் பிள்ளை உண்டாகியிருந்தேன். சறுக்குப் பலகையைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமைத் துணை போய்விட்டது. ஒரு நாள் காலை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடியே திபோர் கேட்டான்: "அத்தை, உங்ககூட நான் வரட்டுமா?"

அம்மா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "விழுவீங்க."

"தெரியும்."

"நிறைய விழுவீங்க."

"பனிதானே அத்தை, மெத்துனு இருக்காதா?"

"யாரு சொன்னா உங்களுக்கு?" என்றாள் அம்மா. ஆனால் அன்று மாலையே எங்கள் இருவரையும் செராஃபின் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

செராஃபின் அம்மாவோடு ஒரே அணியில் சறுக்கியவர். பலகை, காலணி, தலைக்கவசம் எல்லாம் வாடகைக்குக் கொடுத்தார். "கண்ணுக்குப் போடறது மட்டும் சொந்தமா வாங்கிக்கப்பா. ஒருத்தர் மூஞ்சிக்கு இருக்கறது இன்னொருத்தருக்கு ஒட்டாது" என்றார்.

அம்மா அதற்குள் ஒன்றை எடுத்துவிட்டாள். கன்னங்கரேலென்று, வெளிப்பக்கம் நீலமாகப் பளபளக்கும் கண்ணாடி. "இதான். போடுங்க."

"அத்தை, எனக்கு மூக்குக்கண்ணாடி இருக்கே. அதைக் கழட்டினா உங்களையே தெரியாது."

"கண்ணாடிக்கு மேல ஒரு கண்ணாடியா!" அம்மா கடையின் கூரையைப் பார்த்தாள்.

மூக்குக்கண்ணாடிக்கு மேலேயே மாட்டக்கூடிய அகலமான வகையும் இருந்தது. செராஃபின் அதில் நாலைந்தை எடுத்துப் பரப்பினார். பட்டையைப் போடாமல் முகத்தில் வைத்து அழுத்திப் பார்க்கச் சொன்னார். சுற்றியுள்ள பஞ்சு எங்கும் இடைவெளி இல்லாமல் தோலில் படிய வேண்டும், மூக்கை நெரிக்கக் கூடாது, தலைக்கவசத்துக்கும் அதற்கும் நடுவில் நெற்றி தெரியக் கூடாது. திபோர் ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தான். பெருமூச்சு விட்டான், கண்ணாடியில் ஆவி படிகிறதா என்று காத்திருந்தான். பிறகு அதோடு வாசலுக்குப் போய், வெளியே மங்கிய மாலை வெளிச்சத்தில் தெருவோரப் பனிக்குவியலை உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே வந்தான். திரும்ப அடுத்தது.

"ஆஃப்ரா, உன்னைத் தேர்ந்தெடுக்க இவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டாரா?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

"இல்லம்மா. ஒரு சாயங்காலம்தான்."

"அதான பாத்தேன்."

கடைசியில் அவன் எடுத்தது வெளிர் ஆரஞ்சு நிறம். முகத்தில் மாட்டிக்கொண்டு திரும்பினான். பெரிய தவளை ஒன்று என்னைப் பார்த்துச் சிரித்தது.

"மிட்டாய்த் தாள் மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. "அந்த நீலம்தான் ஆளுக்கு எடுப்பு. செராஃபின், நீ சொல்லேன்."

செராஃபின் குனிந்து மற்றக் கண்ணாடிகளைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கினார். அம்மாவோடு வாதாடினால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்.

"விழப்போறது உறுதின்னு ஆயிடுச்சு அத்தை," என்றான் திபோர். "எது மேல விழறேன்னாவது தெரிய வேணாமா?"

முதலில் குட்டிச் சரிவில் பள்ளிப் பிள்ளைகளோடு விழுந்து எழுந்தான். பலகைகளின் முனைகளைச் சேர்த்து, ஆப்பு மாதிரி வைத்து, மெதுவாக இறங்கும் அளவுக்குத் தேறினான். அதன் பிறகு ஒரு ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்ததும் அம்மா அவனை உச்சிக்குக் கூட்டிப்போனாள். நான் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு, வேகவைக்கும் ரொட்டி உருண்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தேன். மேலே நடந்ததை இருவரும் ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள். இரண்டிலும் பொதுவாக வருவதை மட்டும் எழுதுகிறேன்.

மலையேற்றும் கம்பி லிஃப்டிலிருந்து இறங்கும்போது வெயில். கொஞ்ச தூரம் சறுக்கியதும் மேகம் வந்து உட்கார்ந்துவிட்டது. மேலும் கீழும் ஒரே பால் வெள்ளை. வானம் எங்கே முடிகிறது, தரை எங்கே தொடங்குகிறது என்று தெரியவில்லை. முன்னால் போன அம்மா, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தவள், ஒரு மேட்டைக் கவனிக்காமல் ஏறி, அந்தப் பக்கம் தலைகுப்புற விழுந்தாள்.

திபோர் தட்டுத்தடுமாறிப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தான். "அத்தை! அடி பட்டுதா?"

"மேடே இல்ல இங்க!" என்று அம்மா பனியைத் துப்பினாள். "நாப்பது வருஷமா வர்றேன், இங்க மேடே கிடையாது!"

"இருக்கு அத்தை. அதோ இன்னொண்ணும் இருக்கு."

"உங்களுக்குத் தெரியுதா?"

"நிழல் மாதிரி லேசா தெரியுது. என்னுது வெளிர் நிறமாச்சே. நீங்க இதைப் போட்டுக்குங்களேன்."

அம்மா தன்னுடையதைக் கழற்றிவிட்டுத் தவளைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். இருக்கிற மேடெல்லாம் தெரிந்தது. ஆனால் அவளுடைய கறுப்புக் கண்ணாடி திபோரின் மூக்குக்கண்ணாடிக்கு மேல் ஏறவில்லை. வெறும் மூக்குக்கண்ணாடியோடு அவன் நகர்ந்தான். ஈரம் படிந்து, எதுவும் தெரியாமல், நின்ற இடத்திலேயே உட்கார்ந்தான். அவளுக்குக் கண் கிடைத்தபோது அவனுக்குக் கால் போய்விட்டது. மறுபடி மாற்றிக்கொண்டார்கள்.

"சரி, நீங்க முன்னால போங்க," என்றாள் அம்மா. "என்ன இருக்குன்னு சொல்லுங்க, எப்படித் திரும்பணும்னு நான் சொல்றேன்."

"வலப்பக்கம் ஒரு மேடு."

"எவ்வளவு பெருசு?"

"எங்க அப்பாவோட வைன் பீப்பாய் அளவு."

"உங்கப்பா பீப்பாயை நான் எங்க கண்டேன்? ஒழுங்கா சொல்லு!"

"உங்க அடுப்பு உயரம்!"

"அப்படிச் சொல்லு. எடையை வலது கால்ல போடு. அழுத்து. இன்னும் அழுத்துடா!"

இப்படியே வந்தார்கள். அடுப்பு, நாற்காலி, தொட்டில், செராஃபினின் தொப்பை என்று அவன் கத்த, பின்னாலிருந்து அவள் கத்த, மேகத்துக்குள் இரண்டு குரல்கள் மட்டும் இறங்கி வந்திருக்கின்றன. பாதி மலையில் ஒரு மரக்குடில் சாப்பாட்டுக்கடை உண்டு. அதன் வாசலில் பலகைகளைக் கழற்றினார்கள். அம்மா அவன் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள்.

"இவருக்கு முட்டி சரியில்லன்னு சொன்னியே?" என்று கடைக்காரி கேட்டாளாம்.

"முட்டியெல்லாம் இரும்பு மாதிரி இருக்கு," என்றாள் அம்மா. "சூப் கொண்டா. பெரிய கிண்ணத்துல."

அடுத்த ஞாயிறு நல்ல வெயில். பனியில் கண் கூசியது. திபோரின் வெளிர் கண்ணாடி அதற்குப் போதவில்லை. கண்ணீர் வழிய இறங்கினானாம். கறுப்புக் கண்ணாடி போட்ட அம்மா நினைத்திருந்தால் பறந்து இறங்கியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வளைவிலும் நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, மெதுவாக வருகிற அந்தத் தவளையைத் தேடிக்கொண்டிருந்தாளாம். லிஃப்டில் வேலை செய்கிற என் தோழிதான் சொன்னாள். அம்மாவைக் கேட்டால், மூச்சு வாங்க நின்றதாகச் சொல்கிறாள்.