கேட்டவளுக்குக் குடோன்

சனிக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தி.நகரின் அந்தப் பாத்திர மொத்த வியாபார அலுவலகத்தில் வகுப்பு ஆரம்பமாகும். கணினி மென்பொருள் லைசென்ஸுக்குப் பணம் கட்டிக் கட்டி அலுத்துப்போன முதலாளி வெங்கடரமணன், எல்லாக் கணினிகளையும் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸுக்கு மாற்றியிருந்தார். ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுப்பது ஜெஃப்ரியின் வேலை.

"தெரியலன்னா வெக்கப்படாம கேளுங்க. இங்க கேக்குறது எதுவும் இந்த ரூமைத் தாண்டாது," என்று முதல் நாளே சொன்னான்.

கணக்குப் பிரிவு கிளாடிஸ் அதை நம்பினாள். ஜெஃப்ரியும் அவளும் சாந்தோமில் ஒரே சர்ச்சுக்குப் போகிறவர்கள். வேலையில்லாமல் திரிந்தவனை முதலாளி முன் கூட்டிவந்து நிறுத்தியதே அவள்தான். அதனால் கூச்சமில்லாமல் கேட்டாள். பழைய ஃபைல் எங்கே போயிற்று, பிரிண்டர் ஏன் அசையவில்லை, தமிழில் அடிப்பது எப்படி.

"இன்னா ஆன்ட்டி, இன்னிக்கு எத்தினி கேள்வி ஸ்டாக் கீது?" என்று டெலிவரி பார்க்கும் கிச்சா சீண்டினான்.

"உனக்கும் சேத்துதான்டா கேக்குறேன். பதில் வந்ததும் உன் பேனாதான முதல்ல ஓடுது?"

எல்லோரும் சிரித்தார்கள்.

திங்கட்கிழமை முதலாளி கிளாடிஸைக் கூப்பிட்டார். "புதுசு உங்களுக்கு ஏறலையாமே. பாதி வகுப்பு உங்க சந்தேகத்துக்கே போயிடுதுன்னு ஜெஃப்ரி சொல்றான். நாளைலேருந்து கீழ குடோனைப் பாத்துக்குங்க. கணக்கை உங்க பக்கத்து சீட் ஷில்பா பாக்கட்டும்."

"கேட்டாத்தான சார் கத்துக்க முடியும்?"

அவர் அதற்குள் போனை எடுத்துவிட்டார். மாடிப்படியில் எதிரே வந்த ஜெஃப்ரி, சுவரோடு ஒட்டி வழிவிட்டான். முகத்தைப் பார்க்கவில்லை.

குடோனில் அண்டாவுக்கும் குண்டானுக்கும் ஸ்டிக்கர் ஒட்டினாள் கிளாடிஸ். மேலே வகுப்பு நடந்தது. "புரிஞ்சுதா?" என்று ஜெஃப்ரி கேட்டால் "புரிஞ்சுது" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஒருவரும் கேள்வி கேட்கவில்லை.

மாதக் கடைசியில் ஷில்பா அந்த மாத பில்களைப் பென் டிரைவுக்கு மாற்றினாள். திரையில் வேலை முடிந்ததுபோல் தெரிந்தது. உடனே பிடுங்கலாமா என்று சந்தேகம் வந்தது. கேட்டால் தனக்கும் குடோன்தான் என்று நினைத்து, பழைய வழக்கப்படி டப்பென்று பிடுங்கிவிட்டாள். பென் டிரைவுக்குள் பில்கள் இன்னும் முழுதாக எழுதப்பட்டிருக்கவில்லை. மேற்கு மாம்பலம் ஆடிட்டர் திறந்தபோது பாதி பில்கள் கெட்டுக் கிடந்தன. நகலெடுக்காமல் அப்படியே நகர்த்தியிருந்ததால் கணினியிலும் அவை இல்லை.

அன்று சாயங்காலமே ஜெஃப்ரி குடோனுக்கு இறங்கி வந்தான்.

"ஆன்ட்டி, மறுபடி வகுப்புக்கு வாங்க. நீங்க கேட்டாதான் மத்தவங்களும் கேப்பாங்க. ஆன்ட்டிக்கு இப்ப நல்லா ஏறுதுன்னு சார்கிட்ட சொல்லிடுறேன்."

"எனக்கு அப்பவே ஏறுச்சுடா. நீ போட்டுக்குடுத்தேன்னு சொல்லு."

"பாடம் ஏன் இழுக்குதுன்னு சத்தம் போட்டாரு ஆன்ட்டி. வேலை போயிடுமோன்னு பயந்து உங்க பேரைச் சொல்லிட்டேன்."

"அதே பயத்துலதான் இப்ப மேல எல்லாரும் உக்காந்திருக்காங்க," என்றாள் கிளாடிஸ். குரல் உயரவில்லை. "போய் நீ செஞ்சதை அப்படியே அவர்கிட்ட சொல்லு. இதையும் சேத்துச் சொல்லு. தெரியலன்னு சொன்னவளைத் தண்டிச்சா, அப்புறம் ஒருத்தரும் தெரியலன்னு சொல்ல மாட்டாங்க. தலையை ஆட்டிட்டு, தப்பாவே செஞ்சிட்டுப் போவாங்க. கேள்வி கேக்குறவங்களைக் காட்டிக்குடுக்குற இடத்துல எவ்ளோ நல்ல பாடம் நடத்துனாலும் யாரும் எதையும் கத்துக்க மாட்டாங்க, ஜெஃப்ரி."