ரெண்டுல எது

கொழுந்தன் நான்கு எண்களையும் அழுத்திவிட்டுக் காத்திருந்தான். போன் ஒருமுறை அதிர்ந்தது.

"இல்ல அண்ணி. திறக்கல."

அவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கூடத்தில் கட்டிலைச் சுவரோரம் தள்ளி நடுவில் இடம் ஒழித்திருந்தார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பதினொரு மணிக்கு வண்டி வரும். அதற்குள் அவள் கணவனோடு டைல்ஸ் ஒட்டுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர்களுடைய எண்கள் அவன் போனில் மட்டும்தான் இருந்தன.

கொழுந்தன் அவள் மகளிடம் இன்னொரு முறை கேட்டான். அவள் கட்டில்காலில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். ஏழாவது படிக்கிறாள். நேற்றைய பள்ளிச் சீருடையை இன்னும் மாற்றவில்லை.

"சைபர் ஒம்பது ஒண்ணு ஒண்ணு" என்றாள்.

"அதைத்தான் போட்டேன்."

கட்டிலில் உட்கார்ந்திருந்த நாத்தனார் மூக்கைச் சிந்தினாள். காலையிலிருந்து அவள் இதையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். தம்பி நாற்காலியில் சாய்ந்துகொண்டு நெஞ்சைப் பிடித்திருக்கிறான். பக்கத்தில் பிள்ளை நிற்கிறது. கையில் போன் இருக்கிறது. ஒரு போன் பண்ண முடியவில்லையா? கீழ்வீட்டு டிரைவர் வந்து தூக்கிப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கால் மணி நேரம் முன்னால் கொண்டுவந்திருக்கக் கூடாதா என்று டாக்டரே கேட்டாராம்.

"ஏண்டி, அது உன் பொறந்த நாள் தேதிதானே? அதுகூடவா ஞாபகம் இல்ல?"

"அதான் போட்டேன் அத்தை. அப்பாவும் அதையேதான் சொன்னாங்க. சொல்லிக்கிட்டே இருந்தாங்க."

"அவன் போனு, அவனுக்குத் தெரியாதா? நீ பதட்டத்துல தப்பா அழுத்தியிருப்ப."

மகள் தன் விரல்களைப் பார்த்தாள்.

"அழுத்திட்டேன்போல" என்றாள்.

சமையலறை வாசலில் நின்ற அவள் நிலையைப் பிடித்துக்கொண்டாள். நேற்று இரவிலிருந்து மகள் இப்படிச் சொல்வது இதுதான் முதல் முறை. இதுவரை சரியாகத்தான் போட்டேன் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கொழுந்தன் அக்காவை அடக்கினான். சின்னப் பிள்ளை, விடு என்றான். பிறகு தனக்குத்தானே பேசுகிறவன்போல, அண்ணனுக்கு விரல் ரேகையே கிடையாது என்றான். இருபது வருஷ சிமெண்டு தின்றுவிட்டது. நீ திருடப் போனால் ஜென்மத்துக்கும் மாட்ட மாட்டாய் என்று சைட்டில் கிண்டல் செய்வார்களாம். போன்கூட அவனை நம்பாது. அதனால்தான் இந்த எண். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

"குடுங்க, நான் பாக்குறேன்" என்றாள் அவள்.

போனை வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். யாரும் பின்னால் வரவில்லை.

புதிய எண்ணை அழுத்தினாள். போன் திறந்தது. கம்பெனியில் அவளுடைய டோக்கன் எண் அது. பதினாறு வருடங்களாகக் கழுத்தில் தொங்குகிறது. அவளைத் தவிர வேறு யாருக்கும் அது நினைவில் இருக்காது. அதனால்தான் அதை வைத்தாள்.

நேற்றுக் காலை அவன் உடம்பு அசதியாக இருக்கிறது என்று வேலைக்குப் போகாமல் படுத்துவிட்டான். போன் சார்ஜில் கிடந்தது. தான் இல்லாத நேரத்தில் மகள் அதை எடுத்து விளையாடுகிறாள் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் அது தெரியும், கண்டுகொள்ள மாட்டான். எண்ணை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அவனை எழுப்பவில்லை. சாயந்திரம் சொல்லிக்கொள்ளலாம் என்று கிளம்பினாள். பேக்கிங் பிரிவுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. அவளுடைய போன் மாலை வரை லாக்கரில் கிடந்தது.

அவன் நாள் முழுக்கப் போனைத் தொடவே இல்லை. மேஸ்திரியின் மூன்று அழைப்புகள் எடுக்கப்படாமல் இருந்தன.

அவளுக்கு அவன் அனுப்பிய செய்திகள் மேலேயே இருந்தன. விரல் தானாக அவற்றைத் தொட்டது. முந்தாநாள் இரண்டு படங்கள் அனுப்பியிருந்தான். ஒன்று பொத்தான் வைத்த சிவப்புப் போன். இன்னொன்று சின்ன டச் போன். கடையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று எடுத்த படம். கண்ணாடியில் அவன் கை தெரிந்தது.

ரெண்டுல எது. பாப்பா தனியா வீட்டுக்கு வர்றா. ஒண்ணு இருந்தா நல்லது.

எட்டாவது முடியட்டும் என்று அவள் பதில் போட்டிருந்தாள்.

சரி என்று அவன் போட்டிருந்தான். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

கூடத்திலிருந்து நாத்தனாரின் குரல் வந்தது. மகளிடம் எத்தனை முறை அழுத்தினாய் என்று கேட்டாள். ஒன்பது முறை என்றாள் மகள். அஞ்சு முறைக்குப் பிறகு கொஞ்ச நேரம் கழித்துப் போடு என்று வந்தது. காத்திருந்து திரும்பப் போட்டேன். பிறகு எதிர்வீட்டைத் தட்டினேன். பூட்டியிருந்தது. பிறகுதான் கீழே ஓடினேன். பாடம் ஒப்பிக்கிற குரல். திரையின் அடியில் அவசர அழைப்பு என்று சின்ன எழுத்தில் இருக்கும். அதை மகளுக்கு யாரும் காட்டிக் கொடுத்ததில்லை.

அவள் அமைப்புகளைத் திறந்தாள். எண்ணை மாற்று என்ற இடம் வந்தது. டோக்கன் எண்ணைக் கேட்டது, போட்டாள். புதிய எண் என்ன என்று கேட்டது.

சைபர். ஒன்பது. ஒன்று.

இன்னொரு ஒன்று போட்டால் போதும். வெளியே போய், திறந்துவிட்டது என்று சொல்லலாம். கொழுந்தன் வாங்கிப் பார்ப்பான். அதே எண்ணில் திறக்கும். பொத்தான் சரியாக அழுந்தவில்லை என்பார்கள். நாத்தனார் இன்னும் கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருப்பாள். பிறகு விட்டுவிடுவாள். மகளும் தான்தான் தப்பாக அழுத்தினோம் என்று நம்பிவிடுவாள். பாதி நம்பிவிட்டாள்.

கட்டைவிரல் திரைக்கு மேலே நின்றது. அடுப்பு மேடையில் யாரோ கொண்டுவந்த ஃப்ளாஸ்கும் காகித டம்ளர்களும் இருந்தன. அவள் அவற்றைப் பார்த்தபடி நின்றாள். திரை மங்கி அணைந்தது.

அவள் வெளியே வந்தாள். கொழுந்தன் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. மகளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"நீ போட்டது சரியான நம்பர்தான்."

மகள் நிமிர்ந்தாள்.

"நேத்து காலைல நான் மாத்திட்டேன். அப்பாகிட்ட சொல்லல."

நாத்தனார் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கொழுந்தன் அவள் தோளில் கை வைத்தான். வெளியே வாடகை நாற்காலிகளை விரித்துப் போடும் சத்தம் கேட்டது.

"ஏம்மா மாத்துன?"

"நீ விளையாடக் கூடாதுன்னு."

மகள் அதை யோசித்துப் பார்த்தாள்.

"அப்போ எத்தனை தடவை போட்டிருந்தாலும் திறந்திருக்காதா?"

"திறந்திருக்காது."

"சரியாப் போட்டிருந்தாலும்?"

"சரியாத்தான் போட்ட."

மகள் அழவில்லை. நாத்தனார் எழுந்து, யாரையும் பார்க்காமல், வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். கொழுந்தன் அண்ணி என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்தினான். மேஸ்திரி எண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, சைட்டுக்கே ஒருவரை அனுப்பிச் சொல்லிவிடலாம் என்று மெதுவாகச் சொன்னான். 

மகள் கையை நீட்டினாள். அவள் போனை அதில் வைத்தாள்.

"என்ன நம்பர்?"

சொன்னாள். மகள் ஒவ்வொன்றாக அழுத்தினாள். திறந்தது. பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தி மூடினாள். மறுபடி எண்ணைப் போட்டாள். திறந்தது. மூடினாள்.

தெருவில் வண்டி பின்பக்கமாக வரும் ஒலி விட்டு விட்டுக் கேட்டது. வெளியே எல்லோரும் எழுந்தார்கள். கொழுந்தன் ஓடினான். அவள் எழுந்து மகளுக்காக நின்றாள்.

மகள் குனிந்தபடி இருந்தாள். திரை ஒளிர்ந்தது, அணைந்தது. திரும்பவும் ஒளிர்ந்தது. ஒவ்வொரு முறையும் முன்னைவிட வேகமாகத் திறந்தாள்.