அண்ணியின் அனுமதி

ஒரு துப்பறியும் தொடருக்காக இத்தனை வருடம் நடத்திய இணைய ரசிகர் மன்றத்தை இன்றோடு மூடுகிறேன். அங்கே எல்லோருக்கும் நான் அண்ணி. யாராவது கோபித்துக்கொண்டு "போறேன்" என்று எழுதினால் பதிவு வெளியே வராது. என் அனுமதிக்காக நிற்கும். அந்தச் சொல் இருந்தாலே நிறுத்தும்படி அமைத்திருந்தேன். உடனே போன் போடுவேன்.

"மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு எங்க போற? பேசாம உக்காரு."

உட்கார்ந்துவிடுவார்கள். இப்போது சண்டை போடக்கூட அங்கே ஆளில்லை.

பல் மருத்துவமனை வரவேற்பு மேசையில், சாப்பாட்டு இடைவேளையில், கடைசிப் பதிவை எழுதினேன்: "எல்லாருக்கும் நன்றி. நான் போறேன்."

'அண்ணியின் அனுமதிக்காகக் காத்திருக்கிறது' என்றது திரை.

அனுமதி கொடுக்க ஒரு நொடி போதும். ஆனாலும் சாப்பாட்டு டப்பாவை மூடிவிட்டு, போனையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.