அப்புத்தளைக்கு ஒரு பிள்ளை

பிரவீணனை எந்த மலையில் கொண்டுபோய் ஒளிப்பது என்பதில் சிவகௌரிக்கும் அவள் புருசன் பஞ்சலிங்கத்துக்கும் ஓயாத சண்டை. மகன் செய்த காரியத்தைப் பற்றி வீட்டில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஊரைத் தேர்ந்தெடுப்பதுதான் உலகத்திலேயே பெரிய பிரச்சினை என்பதுபோல இருவரும் மல்லுக்கட்டினார்கள்.

காரியம் இதுதான். கொடிகாமத்தில் விளையாட்டு மைதானத்தடியில், மோட்டார் சைக்கிளை உரசிவிட்டான் என்ற சொத்தைக் காரணத்துக்காக, பிரவீணன் ஒருத்தனை வாளால் வெட்டினான். வெட்டுப்பட்டவன் தடுக்கக் கையைத் தூக்கியிருக்கிறான். விரல்கள் புல்லுக்குள் விழுந்தன. அவற்றைப் பொறுக்கி ஐஸ் பைக்குள் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் அவனுடைய தமையன் சுதாகரன். விரல் பொருந்தாது என்று டொக்டர் சொன்னதும், வாசலில் நின்றே சத்தியம் பண்ணிவிட்டான்: தம்பியின் விரலுக்குப் பிரவீணனின் கை. பொலிஸ் வந்து கேட்டபோது சிவகௌரி முகத்தைக்கூடச் சுளிக்காமல், "அவன் கொழும்புக்குப் போட்டான்" என்றாள். பிரவீணன் அப்போது உள் அறையில் போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

பெற்றவளுக்குச் சாட்டுக்கா பஞ்சம்? கூடாத சேர்க்கை என்றாள். இந்த வெக்கையும் இந்தப் பெடியளும் சேர்ந்து தன் பிள்ளையைக் கெடுத்துவிட்டார்களாம். குளிரான ஊரில், முகம் தெரியாத சனத்துக்குள் விட்டால் பழைய பிரவீணன் திரும்பி வந்துவிடுவானாம். இதை அவள் முழு மனதோடு நம்பினாள். நம்பாவிட்டால் அவளுக்கு ஒரு வாய் சோறு இறங்காது.

பஞ்சலிங்கம் சந்தையில் மரக்கறி மொத்த வியாபாரி. மலைநாட்டில் கால் வைத்ததே இல்லை. ஆனால் வந்து இறங்கும் மூட்டைகளை வைத்து ஒவ்வொரு ஊருக்கும் குணம் குறித்து வைத்திருந்தார்.

"நுவரெலியா?" என்று கேட்டாள் சிவகௌரி.

"கரட் நல்லம். ஆனா ஏப்பிரல் மாசம் யாழ்ப்பாணமே அங்கைதான் நிண்டு படம் எடுக்குது. ஆரும் ஒருத்தன் காணுவான்."

"அப்ப பண்டாரவளை?"

"உம்மடை பெரியப்பான்ரை மகன் அங்கை கடை வைச்சிருக்கிறான். அவன்ரை வாய் சும்மா கிடக்குமே?"

"வெலிமடை?"

"சீ! போனமுறை வந்த உருளைக்கிழங்கு பாதி அழுகல். அந்த ஊரை நம்பேலாது."

"பிள்ளையை அனுப்ப ஊர் கேட்டா, கிழங்குக் கதை கதைக்கிறியள்!" என்று சீறினாள் அவள்.

கடைசியில் வழி காட்டியவன் அவருக்கு லீக்ஸ் ஏற்றிவரும் லொறிக்காரன் நமசிவாயம். "அப்புத்தளையிலை எனக்குத் தெரிஞ்ச வீட்டிலை ஒரு அறை கிடக்கு, அக்கா. பின்னேரமானா மேகம் ரோட்டிலை இறங்கியிடும். பக்கத்திலை நிக்கிறவன் ஆரெண்டு தெரியாது." பக்கத்தில் நிற்பவனைத் தெரியாத ஊர் என்றதும் சிவகௌரிக்கு மனம் குளிர்ந்துவிட்டது. அன்றே யாழ்ப்பாணத்துக்குப் போய்த் தடித்த சுவெற்றர் ஒன்று வாங்கி வந்து, மகனின் பயணப் பாக்கில் தன் கையாலேயே மடித்து வைத்தாள்.

வியாழக்கிழமை மதியம் நமசிவாயம் சுமையை இறக்கிவிட்டு லொறியை அவர்கள் வீட்டு ஒடுக்கமான ஒழுங்கைக்குள் கொண்டுவந்து நிறுத்தினான். "ஏறச் சொல்லுங்கோ அக்கா, வெளிக்கிடுவம்."

பிரவீணன் சாப்பிட்டுக் கை கழுவ, சிவகௌரி சுவர் மணிக்கூட்டைப் பார்த்தாள். "ராகுகாலம் பிறந்திட்டுது தம்பி. முடியட்டும், போகலாம்."

மகனை வெட்டத் தேடித் திரிகிறார்கள், இவள் நேரம் பார்க்கிறாள்! ஆனால் யாரை நோவது? எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு நெருப்புப் பிடித்தாலும் ராகுகாலம் கழியட்டும் என்று உள்ளே நிற்கக்கூடிய ஆட்கள் இருக்கிறார்கள். பஞ்சலிங்கமும் அவள் பக்கம்தான். அவர் ராகுகாலத்தில் ஒரு வெங்காய மூட்டைக்குக்கூட விலை பேசாதவர். அந்தச் சின்ன ஒழுங்கைக்குள் ஒரு லொறி சும்மா நின்றால் ஊர் முழுக்கக் கேள்வி கேட்கும். கேள்வி சுதாகரனின் காதுக்கும் போனது.

இரண்டு மோட்டார் சைக்கிள்கள் வந்தன. நான்கு பேர். ஒருவனும் முகத்தை மறைக்கவில்லை. முதலில் நமசிவாயத்தைச் சீற்றிலிருந்து இழுத்து விழுத்தி, வாயிலும் வயிற்றிலும் உதைத்தார்கள். கேற்றை உடைத்துக்கொண்டு வந்தவர்களுக்கு முன்னால் பஞ்சலிங்கம் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு போனார். "தம்பியவை, கதைச்சுத் தீர்ப்பம்..." அவர் முடிக்கவில்லை. சுதாகரனின் வாள் தோளிலிருந்து முழங்கை வரை இறங்கியது. தசை வாய் பிளந்து, உள்ளே வெள்ளையாக எலும்பு தெரிந்து, பிறகுதான் இரத்தம் குபுகுபுவென்று வந்தது. அவர் ஒரு சத்தமும் போடாமல் முற்றத்தில் குந்தினார்.

"எங்கையடி உன்ரை மகன்?"

சிவகௌரிக்குப் பயமே வரவில்லை. வந்தது வெறி. குசினிப் பக்கத்தில் தேங்காய் உரிக்க நட்டிருந்த கூர் இரும்பு அலவாங்கை ஒரே இழுவையில் பிடுங்கினாள். சுதாகரன் திரும்புவதற்குள் அவன் முழங்காலில் விழுந்தது அடி. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. விழுந்தவனின் தோளில் இன்னொன்று. வாள் கழன்று போனது. ஓடிவந்த இன்னொருத்தனின் வாயில் அலவாங்கின் நுனி பட்டுப் பல்லும் இரத்தமுமாகத் தெறித்தது. மற்ற இருவரும் அவளைப் பார்த்தார்கள். வெட்ட வந்தவர்களே தவிர, சாக வந்தவர்கள் இல்லை. பல் போனவனை இழுத்துக்கொண்டு, சுதாகரனைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

பிரவீணன் பின்மதிலால் பாய்ந்து தப்பியிருப்பான் என்றே அவள் நினைத்தாள். நினைத்து ஆறுதலும் பட்டாள். அப்போது அவன் உள்ளேயிருந்து வந்தான். கையில் நீளமான வாள். அவனுக்குப் பின்னால் கூடத்தில் பாக் வாய் திறந்து கிடந்தது. புதுச் சுவெற்றர் நிலத்தில் கிடந்தது. அதற்கு அடியில்தான் அவன் வாளை வைத்திருந்தான், அப்புத்தளைக்குக் கொண்டுபோக.

"விலகுங்கோ அம்மா. முடிச்சிட்டு வாறன்."

கடைக்குப் போட்டு வாறன் என்று சொல்லும் அதே குரல். கண்ணில் கோபம்கூட இல்லை, ஒரு சந்தோசம் இருந்தது. கூடாத சேர்க்கை யார் என்று சிவகௌரிக்கு அந்த நொடியில் விளங்கியது. அப்புத்தளை மேகத்துக்குள் இவனை விட்டிருந்தால், பக்கத்தில் நிற்கும் எவள் பெற்ற பிள்ளையின் கை போயிருக்குமோ!

முறிந்த காலை இழுத்துக்கொண்டு சுதாகரன் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்தான். "அன்ரி... வேண்டாமெண்டு சொல்லுங்கோ அன்ரி."

"போடு அதைக் கீழை," என்றாள் மகனிடம்.

அவன் சிரித்துக்கொண்டு இன்னும் ஒரு அடி வைத்தான். வாள் உயர்ந்தது. சிவகௌரி கண்ணை மூடவில்லை. அலவாங்கை ஓங்கி, தான் எண்ணெய் தேய்த்து வளர்த்த அந்தக் கையில், பலம் கொண்ட மட்டும் இறக்கினாள்.

பிரவீணன் போட்ட சத்தத்தில் ஒழுங்கைச் சனம் முழுக்க ஓடிவந்தது. "ரெண்டு பேரையும் ஏத்துங்கோ, கெதியா!" என்று அவள் கத்தினாள். வாய் கிழிந்திருந்த நமசிவாயமும் அயலவர்களும் பஞ்சலிங்கத்தையும் சுதாகரனையும் தூக்கிப் பக்கத்துப் பக்கத்தில் கிடத்தினார்கள். லொறி ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

சிவகௌரி வாளைத் தூக்கிக் கிணற்றடிப் பக்கம் எறிந்துவிட்டு, இரத்தக் கையோடு போனை எடுத்தாள். "பொலிஸோ? நான் பிரவீணன்ரை தாய் கதைக்கிறன். ஓம், அவன் இஞ்சைதான் நிக்கிறான். வாங்கோ."

"அம்மா, உள்ளை போட்டிடுவாங்கள் அம்மா," என்று அவன் சின்னப்பிள்ளை மாதிரி விம்மினான். எழும்பி ஓடப் பார்த்தான். அவள் அவன் சேர்ட்டை எட்டிப் பிடித்து இழுத்துத் தன்னோடு இருத்தினாள். அவன் தலை அவள் மடியில் விழுந்தது.

"கை நோகுது அம்மா."

"நோகட்டும் ராசா," என்றாள். அதற்குப் பிறகு அவளால் தாங்க முடியவில்லை. வாய்விட்டுக் குழறி அழுதாள். ஜீப் வரும் வரைக்கும் அந்தச் சேர்ட்டில் வைத்த பிடியை மட்டும் விடவில்லை.